மஞ்சள் சட்டை யாருக்கு? தூர் தெ பிரான்ஸ் பற்றி நம் தீவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலை 30, புதன்கிழமை, விளக்கு வைத்த நேரம். கத்ர் போர்னில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் மூன்று தலைமுறையும் உட்கார்ந்திருந்தோம். நம் மொரீசியஸ் பெண் கிம் லெ கூர், பிரான்ஸில் பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயமான பெண்களுக்கான தூர் தெ பிரான்ஸின் ஐந்தாம் கட்டத்தில், கெரே என்ற ஊரின் முடிவுக்கோட்டை முதல் ஆளாகத் தாண்டினார். வீடே கத்தியது. சத்தம் அடங்கியதும் பாட்டி கேட்டார்: "பிள்ளைதான் ஜெயிச்சிட்டாளே, அப்புறம் ஏன் நாளைக்கும் ஓட்டணும்?"

அன்று பாட்டிக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவன், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோயில் பந்தியில் இலை போடும்போது கேட்கிறார்கள், தமிழ் வகுப்பு விட்டு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள், கடையில் ரொட்டி வாங்க நிற்கும்போதும் கேட்கிறார்கள். நான் பந்தயம் ஓட்டியவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு சமரேல் மலை ஏறுகிறவன், ஜூலை வந்தால் இந்தப் பந்தயத்தை ஒரு நாள் விடாமல் பார்க்கிறவன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தினமும் ஒருவர் ஜெயிக்கிறாரே, கடைசியில் ஜெயித்தது யார் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பாட்டியின் கேள்வி இதுதான். இது ஒரே பந்தயம் இல்லை, பல நாள் பந்தயங்களைக் கோத்த மாலை. ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் ஒரு கட்டம் என்று பெயர். நம் ஊரில் பிரெஞ்சு வார்த்தையையே எடுத்து எத்தாப் என்போம். அந்தந்தக் கட்டத்தில் முதலில் வருபவருக்கு அன்றைய வெற்றி. ஆனால் மொத்தப் பட்டம் நேரக் கணக்கில் முடிவாகிறது. முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தையெல்லாம் கூட்டுகிறார்கள். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவரே வெற்றியாளர்.

செல்வி, மாலா என்று இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். மூன்று நாள் செல்விதான் முதலில் வருகிறாள். மாலா மூன்று நாளும் அவள் சக்கரத்தை ஒட்டியபடியே இரண்டாவதாக வருகிறாள். நான்காம் நாள் மலையில் மாலா ஒரு நிமிடம் முந்திவிடுகிறாள். மூன்று கட்டம் ஜெயித்த செல்வி பின்னால் போகிறாள், ஒரே கட்டம் ஜெயித்த மாலா முன்னால் வருகிறாள். ஏனென்றால், பிரியாமல் ஒரே கூட்டமாக வந்து சேரும் எல்லோருக்கும் ஒரே நேரம்தான் எழுதுவார்கள். நூறு பேர் சேர்ந்து வந்தால், நூறாவது ஆளுக்கும் முதல் ஆளின் நேரமே. செல்விக்கு அந்த மூன்று நாளில் கிடைத்த லாபம் போனஸ் விநாடிகள் மட்டும்: சாதாரணக் கட்டங்களில் முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 விநாடிகளைக் கழித்துக்கொடுப்பார்கள்.

சின்ன விநாடிதானே என்று நினைக்க வேண்டாம். 1989-ல் ஆண்கள் பந்தயத்தில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி முடித்தபோது, அமெரிக்காவின் கிரெக் லெமோண்ட் பிரான்ஸின் லொரான் ஃபிஞோனை வென்ற வித்தியாசம் 8 விநாடி. 2024-ல் பெண்கள் பந்தயத்தில் போலந்தின் கசியா நியேவியாடோமா, டெமி வோலரிங்கை வென்றது 4 விநாடியில். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்து மூடும் நேரம்.

மொத்தம் எவ்வளவு தூரம்?

ஆண்களுக்கு 21 கட்டங்கள், நடுவில் இரண்டு ஓய்வு நாள், ஆக 23 நாள். 2025-ல் மொத்தத் தூரம் 3,300 கிலோமீட்டரைத் தாண்டியது. அதே ஆண்டு பெண்களுக்கு ஒன்பது கட்டங்கள், 1,160 கிலோமீட்டருக்கு மேல்.

நம் தீவு வடக்கே தெற்கே 65 கிலோமீட்டர் இருக்கும். கிம் ஜெயித்த அந்த ஐந்தாம் கட்டம் ஏறக்குறைய 166 கிலோமீட்டர். தீவின் வடமுனையிலிருந்து தென்முனைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி பாதித் தூரம் போவது போல. அதை முடித்துவிட்டு மறுநாள் காலையில் மறுபடி சைக்கிளில் ஏற வேண்டும்.

முதலிடத்தில் இருப்பவருக்கு ஏன் மஞ்சள்?

மஞ்சளுக்கு நம்மிடம் இருக்கும் மங்கலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1903-ல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கியது லோட்டோ என்ற பாரீஸ் விளையாட்டுப் பத்திரிகை. பத்திரிகை அதிகம் விற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆசிரியர் ஆன்ரி தெக்ரான்ஜ். அந்தப் பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் அச்சானது. 1919-ல், முன்னணியில் இருப்பவர் கூட்டத்தில் தனியாகத் தெரியட்டும் என்று மஞ்சள் சட்டை கொடுத்தார்கள்.

அதை முதலில் போட்ட யூஜேன் கிறிஸ்தோஃபின் கதையை நான் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். 1913-ல் அவர் பிரனேய் மலைத்தொடரில் தூர்மாலே கணவாயை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை உடைந்துவிட்டது. அன்றைய விதிப்படி வேறு சைக்கிள் வாங்கக்கூடாது, யாரும் உதவவும் கூடாது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இறங்கி நடந்து, அடிவாரத்தில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, தானே நெருப்பில் காய்ச்சி அடித்து அந்தக் கவையை ஒட்டினார். அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். துருத்தி ஊத ஒரு சின்னப் பையன் உதவினான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரம் வேறு போட்டார்கள். ஆறு ஆண்டு கழித்து, 1919-ல், முதல் மஞ்சள் சட்டை அவருக்கு. பட்டம் கைக்கு எட்டும் நேரத்தில், பந்தயம் முடியச் சில நாளே இருக்க, மறுபடி கவை உடைந்தது. மறுபடி ஒரு பட்டறை, மறுபடி சுத்தியல். அவர் ஒரு முறைகூடப் பட்டம் ஜெயிக்கவில்லை. என் மகன் இதைக் கேட்ட அன்று, சமையலறையில் என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முன்கவையை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பச்சை, வெள்ளை, சிவப்புப் பொட்டுச் சட்டைகள்?

பச்சை, புள்ளிகளுக்கு. கட்ட முடிவிலும், வழியில் சில இடங்களிலும் முதலில் வருபவர்களுக்குப் புள்ளி உண்டு. அதில் முன்னிற்பவர் பெரும்பாலும் சமதளத்தில் பாய்கிறவராக இருப்பார். வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்தது மலை ஏறுவதில் முதல்வருக்கு. முழு வெள்ளை, இளையவர்களில் மொத்த நேரத்தில் முந்தியவருக்கு.

ஏன் ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டிக்கொண்டே போகிறார்கள்? மோதிக்கொள்ள மாட்டார்களா?

மோதுகிறார்கள், அதைப் பிறகு சொல்கிறேன். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பந்தயம் பாதி புரிந்த மாதிரி.

சமதளத்தில் சைக்கிள்காரருக்குப் பெரிய எதிரி காற்று. வேகம் கூடக் கூட, மிதிக்கும் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவர் சக்கரத்துக்கு ஓர் அடி பின்னால் போகிறவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்குபோல மிச்சம். பெலோட்டன் எனப்படும் பெருங்கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு இன்னும் அதிகம்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிட நான் கால் வலித்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். ஜூலை மாதம் லெ மோர்னிலிருந்து மக்கோந்தே பாறை வழியாக சூயாக் பக்கம் ஓட்டிப் பாருங்கள். தென்கிழக்குக் காற்று கடலிலிருந்து நேரே மூஞ்சியில் அடிக்கும். ஒரு நாள் தனியாக மாட்டிக்கொண்டேன். என்ன மிதித்தாலும் மீட்டரில் 22-க்கு மேல் வரவில்லை, காதில் காற்றின் இரைச்சல் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. பின்னாலிருந்து நண்பர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் முன்னால் போய், கையைப் பின்னால் நீட்டி 'ஒட்டிக்கொள்' என்று காட்டினார். அவர் சக்கரத்தை ஒட்டினேன். திடீரென்று காதில் அமைதி. என் சங்கிலி ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. மீட்டர் 29 காட்டியது, மூச்சு வாங்கவில்லை. தொலைக்காட்சியில் தெரியாதது அந்த அமைதிதான்.

பக்கக்காற்று அடித்தால் நேர் பின்னால் ஒதுங்க முடியாது, சாலைக்குக் குறுக்கே சாய்வாக நிற்க வேண்டும். சாலையின் அகலம் பத்துப் பேருக்குத்தான் இடம் தரும். பதினோராவது ஆள் ஓரத்தில் காற்றில் அடிபட்டுப் பின்தங்குவார். அதனால்தான் மலையே இல்லாத ஒரு நாளில்கூடப் பெரிய வீரர்கள் நிமிடக் கணக்கில் இழக்கிறார்கள்.

ஓர் அணியில் எட்டுப் பேர். பட்டம் மட்டும் ஒருவருக்கு. மற்ற ஏழு பேருக்கு என்ன?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

ஆண்கள் அணிக்கு எட்டுப் பேர், பெண்கள் அணிக்கு ஏழு பேர். ஒவ்வோர் அணியிலும் ஒரு தலைவர் இருப்பார். மற்றவர்களின் வேலை, அவரை முடிந்தவரை களைப்பில்லாமல் மலையடிவாரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. காற்றில் முன்னால் நின்று இழுப்பார்கள். கூட்டத்தை விட்டு முன்னால் தப்பி ஓடியவர்களைத் துரத்துவார்கள். தலைவருக்குப் பஞ்சர் ஆனால் தன் சக்கரத்தையோ சைக்கிளையோ கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை சாலையோரம் நிற்பார்கள். தாகம் என்றால் அணிக் கார் வரைக்கும் பின்தங்கிப் போய், ஏழெட்டுப் போத்தலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, கழுத்து, முதுகு, வயிறு எல்லாம் புடைத்த கோலத்தில், கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மறுபடி முன்னால் வந்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். மலை தொடங்கியதும் அவர்களில் ஒவ்வொருவராக எரிந்து முடிந்து ஓரத்துக்கு விலகுவார்கள். கேமரா அவர்களை விட்டுவிட்டு மேலே போய்விடும்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சும்மா சொல்வதை இங்கே ஒவ்வொரு பிற்பகலும் பார்க்கலாம். தேரில் இருப்பவர் மட்டும் படத்தில் தெரிவார். காவடி எடுக்கும் நாளில் பக்கத்தில் எலுமிச்சம்பழமும் தண்ணீரும் வைத்துக்கொண்டு மலைப்படி வரை கூடவே நடக்கிற அண்ணன் தம்பிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணத்திலும் இது உண்டு. ஆண்கள் பந்தயத்தில் மொத்த வெற்றியாளருக்கு 5 லட்சம் யூரோ பரிசு. வழக்கப்படி அவர் அதைத் தனியாக எடுத்துக்கொள்வதில்லை, அணித் தோழர்களோடும் உதவியாளர்களோடும் பங்கிட்டுக்கொள்வார்.

கிம் லெ கூர் யார்? எங்கிருந்து திடீரென்று வந்தார்?

திடீரென்று வரவில்லை. 1996-ல் பிறந்தவர், நம் தீவில் வளர்ந்தவர். இளம் வயதில் ஐரோப்பிய அணிகளில் ஓட்டிப் பார்த்தார், அங்கே நிலைக்கவில்லை. அப்புறம் தென் ஆப்பிரிக்காவில் மலைப்பாதை சைக்கிள் பந்தயங்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 2023-ல் கேப் எபிக் என்ற எட்டு நாள் மலைப்பாதைப் பந்தயத்தை நமீபியாவின் வேரா லோசருடன் ஜோடி சேர்ந்து வென்றார். 2024-ல் ஏஜி இன்ஷூரன்ஸ்–சூடால் அணி அவரை எடுத்தது. அந்த ஜூலையிலேயே இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தை லாக்விலாவில் ஜெயித்தார். அடுத்து பாரீஸ் ஒலிம்பிக்.

2025 ஏப்ரல் 27 அன்று லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ். இது பெல்ஜியத்தில் நடக்கும் ஒரு நாள் பந்தயம், ஆண்கள் பிரிவு 1892-லிருந்து இருக்கிறது. இப்படிப்பட்ட பழம்பெரும் பந்தயங்களில் ஐந்தை 'மான்யுமெண்ட்' என்று தனியாக மதிக்கிறார்கள். கடைசியில் நான்கு பேர் சேர்ந்து வந்தார்கள். பாய்ச்சலில் கிம் முந்தினார். ஆணோ பெண்ணோ, ஆப்பிரிக்காவிலிருந்து யாரும் அதுவரை மான்யுமெண்ட் ஜெயித்ததில்லை. அன்று நம் தெருவில் வெடி வெடித்தார்கள். எந்தப் பண்டிகை என்று பக்கத்து வீட்டு மாமி வந்து கேட்டார்.

பிறகு ஜூலை. பிரெத்தான் பகுதியில் வான் நகரில் தொடங்கிய தூர் தெ பிரான்ஸில், இரண்டாம் கட்டம் முடிந்ததும் மஞ்சள் சட்டை கிம்முக்கு. மறுநாள் அதை நெதர்லாந்தின் மரியான் ஃபோஸ் திரும்ப எடுத்துக்கொண்டார். ஐந்தாம் கட்டத்தை ஜெயித்து கிம் மீண்டும் மஞ்சள் போட்டார், ஏழாம் கட்டம் முடியும்வரை விடவில்லை. ஆக, நான்கு மாலைகளில் மேடையேறி அந்தச் சட்டையை வாங்கினார்.

இவ்வளவு நன்றாக ஓட்டியவர் ஏன் கடைசியில் இழந்தார்?

எட்டாம் கட்டத்தின் முடிவு, ஆல்ப்ஸில் மத்லேன் கணவாயின் உச்சி. அந்த ஏற்றம் மட்டும் 18 கிலோமீட்டருக்கு மேல், சராசரிச் சரிவு 8 சதவீதத்தைத் தொடும். கீழிருந்து மேலே கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நம் தீவின் மிக உயர்ந்த சிகரமான பித்தோன் தெ லா ப்தித் ரிவியேர் நுவார் 828 மீட்டர். அதைப்போல ஒன்றின் மேல் ஒன்றாகக் கிட்டத்தட்ட இரண்டு.

சைக்கிள்காரர்களில் பல வகை உண்டு. குறுகிய, செங்குத்தான ஏற்றங்களில் வெடித்துப் பாய்கிறவர்கள் ஒரு வகை. கிம்மின் பலம் அதில்தான், லியேஜ் பாதையும் அப்படிப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஏற்றத்தில் எடை குறைந்தவர்களின் கை ஓங்கும். அன்று பிரான்ஸின் போலின் ஃபெரான்-பிரேவோ தனியாக மேலே போய் மஞ்சளை எடுத்தார், மறுநாள் ஷாத்தெலில் பட்டத்தையும் உறுதி செய்தார். 'கிம் தோற்றுவிட்டாள்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உலகின் சிறந்த 154 பேர் புறப்பட்ட பந்தயத்தில், நம் ஊர்ச் சாலைகளில் ஓட்டப் பழகிய ஒருவர் ஒரு கட்டம் ஜெயித்து நான்கு நாள் முன்னணியில் இருந்திருக்கிறார்.

மலைக்கு 4, 3, 2, 1 என்று எண் போடுகிறார்களே?

எண் குறையக் குறைய ஏற்றம் கடினம். 1-ஐயும் மிஞ்சினால் 'வகைக்கு அப்பாற்பட்டது' என்று தனியாக வைப்பார்கள். சமரேல் ஏற்றத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் நடுத்தரத்தில்தான் சேர்ப்பார்கள். ரியூனியனில் சிலாவோஸுக்கு ஏறும் பாதையை ஓட்டியவர்களுக்கு ஆல்ப்ஸ் எப்படியிருக்கும் என்று ஓரளவு தெரிந்திருக்கும்.

கீழே விழுந்தால் என்ன ஆகும்?

எலும்பு உடையவில்லை என்றால் எழுந்து ஓட்டுவார்கள். சட்டை கிழிந்து, தோளும் இடுப்பும் தோல் உரிந்து, ஓடும் மருத்துவக் காரின் கதவைப் பிடித்துக்கொண்டே கட்டுப் போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். அதிகம் உடைவது காறை எலும்பு. உடைந்தால் வீட்டுக்குத்தான். மாற்று வீரர் கிடையாது, அணி ஓர் ஆள் குறைவாகவே மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

சமதளக் கட்டங்களில் கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் விழுந்தால், அப்போது எந்தக் கூட்டத்தோடு இருந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரமே கிடைக்கும். கடைசி நெரிசலில் உயிரைப் பணயம் வைக்காமல் இருக்கட்டும் என்று வைத்த விதி. சில கட்டங்களில் அந்த எல்லையை இன்னும் தள்ளி வைப்பதும் உண்டு.

தலைக்கவசம் 2003-லிருந்துதான் கட்டாயம். ஒரு வீரர் பந்தயத்தில் விழுந்து இறந்த பிறகே அந்த விதி வந்தது. அதனால் என்னோடு ஓட்ட வரும் யாராக இருந்தாலும், ஹெல்மெட் இல்லையென்றால் நான் அழைத்துப் போவதில்லை.

என்ன சாப்பிடுகிறார்கள்? மாமிசம் மட்டும்தானா?

சோறு! இதைச் சொன்னால் பாட்டிக்கு ஒரே சந்தோஷம். ஒரு மலை நாளில் 5,000 முதல் 7,000 கலோரி வரை செலவாகும், அதை மாவுச்சத்தால்தான் ஈடுகட்ட முடியும். காலையில் சோறு, பாஸ்தா, ஓட்ஸ், முட்டை. ஓடும்போது மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து. நம் கணக்கில் சொன்னால் மணிக்கு இரண்டு கிண்ணம் சோற்றுக்கு மேல், சைக்கிளில் உட்கார்ந்தபடி. பெரும்பகுதியை ஜெல்லாகவும் சர்க்கரைத் தண்ணீராகவும் இறக்குவார்கள். அதோடு, குழைய வேகவைத்த சோற்றில் இனிப்போ பாலேடோ சேர்த்து, தட்டில் அழுத்தி, சதுரமாக வெட்டிக் காகிதத்தில் மடித்த சோற்றுக் கட்டி ஒவ்வோர் அணியின் பையிலும் இருக்கும். நான் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அதே மாதிரி செய்து எடுத்துப் போகிறேன். சர்க்கரைப் பொங்கலைக் கெட்டியாக இறக்கி ஆறவைத்து வெட்டினால் அதுதான். நெய்யைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏற்றத்தில் வயிறு கனக்கும்.

ஐந்து மணி நேரம் ஓட்டுகிறார்களே, சிறுநீர்?

பிள்ளைகள் முதலில் கேட்பதே இதைத்தான். பந்தயம் அமைதியாகப் போகும் நேரத்தில் பலர் சேர்ந்து ஓரமாக நிறுத்துவார்கள். அந்த நேரம் பார்த்து யாரும் வேகமெடுத்துத் தப்பி ஓடுவதில்லை, எழுதாத மரியாதை அது.

கடைசியாக வருபவருக்கு என்ன?

ஒவ்வொரு கட்டத்துக்கும் கால எல்லை உண்டு. முதல்வர் வந்த நேரத்துக்கு மேல் குறிப்பிட்ட சதவீதத்துக்குள் வந்து சேர வேண்டும், தாண்டினால் மறுநாள் கிடையாது. அதனால் மலையில் பின்தங்கியவர்கள் பெரிய கூட்டமாகச் சேர்ந்து, ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வருவார்கள். எல்லோருக்கும் பின்னால் துடைப்ப வண்டி என்ற வாகனம் வரும், முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். மொத்த நேரத்தில் கடைசி ஆளுக்கு 'சிவப்பு விளக்கு' என்று செல்லப்பெயர், ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்குமே அது. மக்கள் அவருக்கும் கை தட்டுவார்கள். மூன்று வாரம் முடித்திருக்கிறாரே!

எல்லாம் ஊக்கமருந்து என்கிறார்களே?

மறைக்க ஒன்றுமில்லை, இந்த விளையாட்டின் பெரிய காயம் அது. 1967-ல் டாம் சிம்ஸன் மோன் வாந்து மலையில் வெயிலில் விழுந்து இறந்தார், உடலில் ஆம்ஃபெட்டமின் இருந்தது. 1998-ல் ஓர் அணியின் கார் நிறைய மருந்து பிடிபட்டது. 1999 முதல் 2005 வரை லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் வாங்கிய ஏழு பட்டங்களையும் 2012-ல் பறித்தார்கள். அந்த ஏழு ஆண்டுகளுக்கும் வெற்றியாளர் என்று யார் பெயரும் இல்லை, பட்டியலில் வெற்றிடம். நான் அவரை நம்பி இரவில் விழித்திருந்து மறுஒளிபரப்பு பார்த்தவன். அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு வீரரின் இரத்த அளவுகளையும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து ஒப்பிடுகிறார்கள், சந்தேகமான மாற்றமே வழக்குக்குப் போதும். சைக்கிளுக்குள் மோட்டார் ஒளித்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தும் பார்க்கிறார்கள்.

பெண்கள் பந்தயம் ஏன் 2022-ல்தான் தொடங்கியது?

2022-ல் மறுபடி தொடங்கினார்கள் என்பதே சரி. 1955-லேயே ஒரு முறை நடந்தது, மான் தீவைச் சேர்ந்த மில்லி ராபின்சன் ஜெயித்தார். 1984 முதல் 1989 வரை ஆண்களின் பந்தயத்தோடு சேர்த்து நடத்தினார்கள். பிறகு வேறு பெயர்களில், பணமும் ஒளிபரப்பும் இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்து நின்றது. பெண்களால் முடியாது என்பதில்லை, காட்ட ஆளில்லை. காட்டியதும் கூட்டம் தானாக வந்தது. பரிசில் இன்னும் பெரிய இடைவெளி: ஆண்களின் வெற்றியாளருக்கு 5 லட்சம் யூரோ என்றால், பெண்ணுக்கு 50 ஆயிரம். நாள் குறைவு என்று காரணம் சொல்வார்கள். நாட்கணக்கில் பார்த்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும், கொடுப்பதோ பத்தில் ஒரு பங்கு. இது மாற வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வேறு யார்?

2007-ல் தென் ஆப்பிரிக்காவின் ராபி ஹண்டர் மோன்பெலியேயில் கட்டம் ஜெயித்தார், அவர் நாட்டுக்கு முதல் கட்ட வெற்றி. 2013-ல் அதே நாட்டின் டேரில் இம்பி மஞ்சள் போட்ட முதல் ஆப்பிரிக்கர். 2015-ல் எம்டிஎன்–குபேகா என்ற தென் ஆப்பிரிக்க அணி வந்தது. மண்டேலா பிறந்த நாளான ஜூலை 18 அன்று, அந்த அணியின் ஸ்டீவ் கம்மிங்ஸ் மாந்த் நகரில் ஜெயித்தார். 2024-ல் எரித்ரியாவின் பினியாம் கிர்மாய் மூன்று கட்டங்களையும் பச்சைச் சட்டையையும் எடுத்தார். 2025 செப்டம்பரில் உலகச் சாலைப் போட்டி முதன்முறையாக ஆப்பிரிக்காவில், ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது.

நம் தீவில் இப்படிப் பல நாள் பந்தயம் இல்லையா?

இருக்கிறது, தூர் தெ மோரிஸ். ரியூனியனிலிருந்தும் ஓட்ட வருவார்கள். டிக்கெட் கிடையாது, சாலையோரம் நின்றால் போதும். கூட்டம் விர்ரென்று போகும்போது காற்று முகத்தில் அடிப்பதையும், நூறு சங்கிலி ஒரே நேரத்தில் ஓடும் சத்தத்தையும் தொலைக்காட்சி தராது. ஏற்றத்தில் நில்லுங்கள், மெதுவாகப் போவார்கள், முகம் பார்க்கலாம்.

என் மகளுக்கு 12 வயது. கிம் மாதிரி ஓட்ட வேண்டும் என்கிறாள். எங்கிருந்து தொடங்குவது?

விலையுயர்ந்த சைக்கிளிலிருந்து வேண்டாம். அவள் உயரத்துக்குச் சரியான அளவில் ஒன்று, நல்ல பிரேக், ஹெல்மெட். உட்காரும்போது கால் கீழே போனால் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், நேராக நீண்டால் இருக்கை உயரம் அதிகம். முதல் ஆறு மாதம் சந்தோஷமாக ஓட்டட்டும், கிலோமீட்டர் எண்ண வேண்டாம். பக்கத்தில் சைக்கிள் கழகம் இருந்தால் சேர்த்துவிடுங்கள். சக்கரத்தை ஒட்டி ஓட்டுவதைத் தனியாகக் கற்க முடியாது.

ஜூன் முதல் ஆண்டுக் கடைசிவரை கரும்பு வெட்டுக் காலம். லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு வரும், வளைவுகளில் சக்கை விழுந்து வழுக்கும். அந்த மாதங்களில் ஞாயிறு காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள் ஓட்டி முடித்துவிடுவது எங்கள் வழக்கம். பகலிலும் பின்விளக்கை எரியவிடச் சொல்லுங்கள். சமரேலுக்கு முதல் முறை வரும்போது என் சோற்றுக் கட்டியில் அவளுக்கும் ஒன்று இருக்கும்.